என் குடைக் கடையும் மேட்டுப்பாளையத்து முதலாளியும்

ஊரே மழை நிற்கட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நிற்கும்போது, இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று உள்ளே உட்கார்ந்து ஆசைப்படுகிற ஒரே மனிதன் குடை ரிப்பேர்க்காரன்தான்.

சொந்தமாகக் கடை வைத்தவர்களுக்கும், வைக்கப் போகிறவர்களுக்கும், வைக்கலாமா வேண்டாமா என்று பத்து வருஷமாக யோசித்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே காய்ச்சலில் படுத்தவர்கள். 'கடை ஓடாமல் போய்விட்டால்?' என்பதுதான் அந்தக் காய்ச்சல். எனக்கு அது எப்படி வந்தது, என்ன மருந்து சாப்பிட்டேன், அந்த மருந்து என்னை எப்படிப் படுத்தியது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

மழை அளந்தவன்

துரைமார்கள் காலத்தில், கூடலூரை அடுத்த தேவர்சோலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆபீஸ் ரைட்டராக இருந்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு என் முதல் வேலை மழை அளப்பது. ஆபீஸுக்கு முன்னால் ஒரு செம்புக் குழாய் நட்டிருப்பார்கள். முந்தின நாள் அதில் விழுந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை அங்குலம் என்று பார்த்து, துரையின் புத்தகத்தில் எழுத வேண்டும். பதினோரு வருஷம் எழுதினேன். இன்னொரு வேலை தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. ஆடி மாதக் காற்றில் எங்கள் பக்கத்துக் குடைகள் எல்லாம் மேல்பக்கமாகத் திரும்பிக் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். ஒரு குறடையும் கொஞ்சம் கம்பியையும் வைத்துக்கொண்டு அவற்றைச் சரிசெய்து கொடுப்பேன். "நீங்க ஒரு கடையே போடலாமுங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் கடை வைத்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு கார்த்திகை மாதம் குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மூன்று நாளும் மழை. கல்யாணத்தைவிட மழையைத்தான் அதிகம் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கார்த்திகை என்பது மழை முடிந்து ஜமக்காளத்தை வெயிலில் போடுகிற மாதம். நான் கணக்குப் போட்டேன்: கார்த்திகையிலேயே குன்னூரில் இப்படிக் கொட்டினால், ஆனி ஆடியில் எப்படிக் கொட்டும்! கூடலூர்ப் பக்கம் காய்ச்சலுக்குக் குறைவில்லை. அதனால் 'குளிர்ச்சியான இடத்தில் மூன்று மாதம் இருக்க வேண்டும்' என்று டாக்டரிடம் சீட்டு வாங்குவது கஷ்டமாக இல்லை. சம்பளமில்லாத லீவு கிடைத்தது. ஆனி மாதம் பிறந்ததும் நானும் என் மனைவி மரகதமும் பஸ் ஏறினோம்.

நடுவட்டம் வரை பஸ்ஸுக்குள்ளேயே குடை பிடித்தோம். எனக்கு ஒரே சந்தோஷம். ஊட்டியில் வெறும் தூறல். குன்னூரில் இறங்கினால், எங்கள் நிழல் எங்களுக்கு முன்னால் பளிச்சென்று விழுந்தது. சரி, நாளைக்கு வரும் என்று கடைவீதியில் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்துத் திறந்தேன். பத்து நாள் ஆயிற்று. மேகம் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்துக் கடையில் ஆணியும் கயிறும் விற்ற காதர் பாய் என்னைவிட நாலு வயது சின்னவர். அவர்தான் ஒருநாள் விஷயத்தைச் சொன்னார். மேற்கிலிருந்து வரும் ஆடி மழையை மலையின் அந்தப் பக்கமே வாங்கிக்கொண்டுவிடும். குன்னூருக்கு மழை கிழக்கிலிருந்து வருகிறது, அதுவும் ஐப்பசியில்தான். பதினோரு வருஷம் மழை அளந்த நான் அதை வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். காதர் பாய் என் கடையில் தொங்கிய குடைகளை ஒரு முறை பார்த்தார். "ஏண்ணே, மூட்டை முடிச்செல்லாம் கட்டிக் கொண்டாந்தீங்க, மழையை மட்டும் கூடலூர்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களே!"

கடை யாருடையது?

ஐப்பசிக்கு இன்னும் மூன்றரை மாதம் இருந்தது. என் லீவோ ஆவணியோடு முடிகிறது. அதாவது, மழை வருவதற்கு ஒரு மாதம் முன்பே நான் முடிவு செய்தாக வேண்டும். கடைதான் என்றால் வேலையும் போகும், எஸ்டேட் வீடும் போகும். வேலைதான் என்றால் 'குடைக் கடை போட்டு ஓடிவந்தவன்' என்ற பெயரோடு பழைய நாற்காலியில் போய் உட்கார வேண்டும். இதை நினைத்து நினைத்து எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வயதானவர் கடைக்குள் தலையை நீட்டினார். கைப்பிடி கழன்ற குடை ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, சுற்றிலும் பார்த்து, "ஏனுங்க, ஆனி மாசத்துல குடைக் கடை போட்டிருக்கிற அந்த மகராசன் யாருங்க?" என்று கேட்டார். 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "நம்மளுது இல்லீங்க. முதலாளி மேட்டுப்பாளையத்துல இருக்காருங்க. நான் சம்பளத்துக்கு இருக்கேன்" என்றேன். பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தப் பார்வை எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! கடை மூழ்கினால் மூழ்குவது மேட்டுப்பாளையத்துக்காரர். நான் கரையில் நிற்கிறேன்.

கடைக்குப் பின்னால் ஒரே அறை. அதுதான் எங்கள் வீடு. நடுவில் ஒரு கோணிப் படுதா மட்டும். நான் சொன்னது முழுவதும் மரகதத்தின் காதில் விழுந்திருந்தது. மத்தியானம் அடுப்பில் உலை வைத்துவிட்டு, கையில் அரிசிப் படியோடு படுதாவை விலக்கினாள். "ஏனுங்க, உங்க மொதலாளிக்கும் சேத்து அரிசி போடட்டுங்களா?"

துரைசானியின் குடை

இல்லாத முதலாளியால் இவ்வளவு உபயோகம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கஷ்டமான வேலை எது வந்தாலும், "முதலாளியைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்றால் போதும். வந்தவர் குடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேலையும் இல்லை, கெட்டுப்போய்விடுமோ என்ற பயமும் இல்லை. கடை மிகவும் நிம்மதியாக நடந்தது. வருமானம் மட்டும்தான் இல்லை.

ஒருநாள் ஒரு பங்களா பட்லர் வந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, கையில் துரைசானியின் குடை. பாலாடை மாதிரி மெல்லிய வெள்ளைத் துணி; ஓரம் முழுக்க லேஸ். கருப்புக் குடைக்கு எட்டுக் கம்பி. இதற்குப் பத்துக் கம்பி, ஒவ்வொன்றும் ஊசி போல. இரண்டு கம்பி உடைந்து துணியைக் கிழித்திருந்தது. சனிக்கிழமை தோட்ட விருந்துக்கு வேண்டும் என்றார். "முதலாளியைக் கேட்டு..." என்று ஆரம்பித்தேன். "எப்போ கேட்பே?" என்றார். கடுதாசி போட வேண்டும் என்றேன். அதற்குள் படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, குடையை வாங்கி உள்ளே கொண்டு போய்விட்டது. "சனிக்கெழமை காலையில வாங்கிக்குங்க" என்று மரகதத்தின் குரல் மட்டும் கேட்டது.

உடைந்த கம்பிகளை நான் மாற்றினேன். மரகதம் தன் கல்யாணப் பெட்டியிலிருந்த மெல்லிய நூலால் கிழிசலைத் தைத்தாள். தைத்த இடம் எது என்று அவளே தேட வேண்டியிருந்தது. சனிக்கிழமை பட்லர் குடையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். குறை சொல்ல வேறு ஆள் வேண்டுமே! "வேலைக்காரங்க நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கீங்க மேன். இதைத் தொடறதுக்கே கடுதாசி போட்டுக் கேக்கணும்னு வெச்சிருக்கானே உன் மொதலாளி, அவன்தான் சரியான பயந்தாங்கொள்ளி!"

விரியாத குடை

துரைசானியின் குடை விருந்தில் நன்றாகப் பேசியிருக்க வேண்டும். வேறு பங்களாக்களிலிருந்தும் வெயில் குடைகள் வந்தன. ஆனாலும் என் மனம் கருப்புக் குடையிலேயே இருந்தது. மழை இல்லாமல் கருப்புக் குடை எப்படி வரும்?

கீழ் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார். கொழுந்து பறிக்கிறவர்களை மேய்க்கும் மேஸ்திரி. ஆள் குட்டை, மீசை நெட்டை. அவர் கொண்டுவந்த குடையில் எட்டுக் கம்பியில் மூன்றுதான் உருப்படி. துணியில் நட்சத்திரம் பார்க்கலாம். நான் பொறுமையாக விளக்கினேன்: ஐந்து கம்பி புதிதாகப் போட வேண்டும், துணி மாற்ற வேண்டும், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க, வளைஞ்ச கைப்பிடி மட்டும் நல்லதா ஒண்ணு மாட்டிக் குடுங்க" என்றார். "விரியாதுங்களே?" என்றேன். "விரிச்சு என்ன பண்றதுங்க?" என்றார்.

எழுந்து நின்று செய்தும் காட்டினார். சட்டைக் காலரில் கைப்பிடியைப் பின்பக்கமாக மாட்டி முதுகில் தொங்கவிட்டார். பிறகு அதை உருவி, 'அந்த வரிசையைப் பறி' என்பது போல எதிர்க் கடையை நோக்கி நீட்டினார். எதிர்க் கடைக்காரர் பயந்து எழுந்து நின்றுவிட்டார். துரை வந்தால் கக்கத்தில் வைத்து ஒடுங்கி நிற்பதையும் நடித்தார். நல்ல மூங்கிலை நெருப்பில் காட்டி வளைத்துப் பித்தளைப் பூண் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவருக்குத் தெரிந்த நான்கு மேஸ்திரிகள் அதே மாதிரிக் கைப்பிடி கேட்டு வந்தார்கள். அன்றைக்கு அவர் போகும்போது, குடை ரிப்பேர்க்காரனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற முகத்தோடு சொன்னார்: "மழைக்குத்தான் கம்பளி இருக்குதுங்களே. கொடை மேஸ்திரிக்குங்க!"

முதலாளி வந்து போனார்

பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு ஆளை உண்டாக்கினால் அவருக்கு ஒரு உருவமும் வேண்டியிருக்கிறது. "உங்க முதலாளி எப்படி இருப்பாரு?" என்று ஒருவர் கேட்டார். "கொஞ்சம் பருமன்" என்றேன். இன்னொருவர், ஏன் மலைக்கு வருவதே இல்லை என்று கேட்டார். "குளிர் ஆகாது" என்றேன். ஆடி முடிவதற்குள் அவருக்கு மூட்டுவலி, இரண்டு பெண்கள், தங்கப் பல் ஒன்று எல்லாம் வந்துவிட்டன. தங்கப் பல் நான் கொடுத்ததில்லை. கடைவீதியே கொடுத்தது.

ஆவணியில் ஒருநாள் ரயிலடிப் போர்ட்டர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் குடை இல்லை. முகத்தில் பெரிய செய்தி இருந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க முதலாளி நேத்து வந்திருந்தாருங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு?" என்றேன். "மேட்டுப்பாளையத்தாருங்க. பருமனா, கம்பளியைப் போத்திக்கிட்டு எறங்கினாரு. பொட்டியை நான்தான் தூக்கினேன்" என்றார். யாரோ ஒரு பாவப்பட்ட பருமனான பிரயாணி! நான் மறுக்கவும் முடியாமல், ஒப்புக்கொள்ளவும் முடியாமல் குறடைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படுதாவுக்குப் பின்னால் மரகதம் வாயைப் பொத்திக்கொள்வது எனக்குத் தெரிந்தது. போர்ட்டர் எழுந்து என் தோளைத் தட்டினார். "ஒண்ணும் பயப்படாதீங்க. கடைக்காரன் வேலை எப்படீன்னு கேட்டாரு. நான் உங்களை விட்டுக் குடுப்பனுங்களா? சுமாராச் செய்யறாருன்னு சொல்லிட்டேன்!"

எனக்கே போட்டியாக ஒரு கடை

ஆவணி கடைசி வாரம் எஸ்டேட்டிலிருந்து கடுதாசி வந்தது. ஹெட் கிளார்க் எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மழை அளக்க நான் வராவிட்டால், அதை அளக்க வேறொருவர் தயாராக இருக்கிறார். அவருக்கு வீடும் வேண்டும். அவ்வளவுதான். நான் வானத்தைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. மேஸ்திரிகளின் கைப்பிடியும் துரைசானிகளின் லேஸும் இரண்டு பேர் சாப்பிடப் போதும். ஆனால் அது வருஷம் முழுவதும் வருமா? ஐப்பசி மழை என்று காதர் பாய் சொன்னது நிஜமாக வருமா? மரகதத்தைக் கேட்டேன். "என்னைய எதுக்குங்க கேக்கறீங்க? மொதலாளியக் கேளுங்க" என்றாள்.

மூட்டை கட்டுவது என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டுக் கடை வாசலில் நின்றேன். காதர் பாய் வந்து பக்கத்தில் நின்றார். "அண்ணே, ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருக்கேன். இந்த மேட்டுப்பாளையத்தானுக்கு நீங்க ஏன் ஒழைக்கணும்? என் கடைக்குப் பின்கட்டு காலியாக் கெடக்கு. வாடகைக்கு எடுத்துத் தனியாக் கடை போடுங்க. கம்பி, நூல் எல்லாம் என்கிட்டயே வாங்கிக்கலாம்" என்றார். தன் பின்கட்டுக்கு ஆள் பிடிக்கத்தான் சொன்னார். அதை மறைக்கவும் இல்லை. என்னை எதிர்த்தே நான் போட்டிக் கடை போட வேண்டுமாம்! சிரிப்பு வரவில்லை. வாயிலிருந்து உண்மைதான் வந்தது. "பயமா இருக்குது பாய். ஓடலீன்னா எல்லாரும் சிரிப்பாங்க" என்றேன்.

காதர் பாய் என் கடையை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே பதினைந்து குடைகள் வேலைக்குக் காத்துத் தொங்கின. அவற்றை நான் அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். காதர் பாய் என் முகத்தைப் பார்த்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "உங்க முதலாளி மழையே இல்லாத மாசத்துல கொடைக் கடை போட்டாரு. கடைவீதியே மூணு மாசம் சிரிச்சுது. அவரு கடை நின்னுபோச்சா? அந்த முட்டாளுக்கு இருக்கிற தைரியம்கூட உங்களுக்கு இல்லியாண்ணே?"

புதுப் பலகை

உள்ளே போனேன். ஹெட் கிளார்க்குக்கு நான்கு வரி எழுதினேன். கூடலூர் மழையை இனி வேறொருவர் அளக்கலாம் என்றும், வீட்டிலிருக்கும் எங்கள் பாத்திரங்களை அடுத்த லாரியில் அனுப்பினால் உபகாரம் என்றும் எழுதினேன். மரகதம் கடுதாசியை வாங்கி நிதானமாகப் படித்தாள். கேலி எதுவும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, தான் தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு, தபால்காரர் போய்விடுவார் என்று தானே வாசலுக்கு ஓடினாள்.

மறுநாள் ஒரு பலகை எழுதி மாட்டினேன். அதில் என் பெயரும், கீழே மரகதத்தின் பெயரும் இருந்தன. இனிமேல் பொய் வேண்டாம் என்று கடைவீதி முழுவதும் போய்ச் சொன்னேன்: முதலாளி என்று யாரும் இல்லை, முதலிலிருந்தே நான்தான். எல்லாரும் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் நம்பவும் இல்லை. காதர் பாய் பலகையைப் படித்துவிட்டு, "ஒரே ராத்திரியில அவரைக் கவுத்துட்டீங்களாண்ணே?" என்று மரியாதையோடு கேட்டார். பட்லர் என்னிடம் குடையைக் கொடுக்கும்போது இரண்டு தடவை யோசித்தார். ரயிலடிப் போர்ட்டருக்குத்தான் மிகவும் கோபம். அப்படி ஒரு ஆள் பிறக்கவே இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். அவர் என்னை முறைத்தார். "இல்லைன்னு சொல்லிப்போட்டா ஆச்சுங்களா? அவரு பொட்டியைச் சொமந்த தோளு இதுங்க!"

ஐப்பசி

மழை வந்தது. காதர் பாய் சொன்ன மாதிரியே கிழக்கிலிருந்து, சொன்ன மாதத்தில் வந்தது. காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் ஏழெட்டுப் பேர் உடைந்த குடைகளோடு நின்றார்கள். முதல் இரண்டு நாள் நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது மரகதத்துக்குத்தான் தெரியும். அவள் சாப்பிட்டாளா என்பது யாருக்கும் தெரியாது. கையெல்லாம் கம்பி கிழித்த கீறல். இந்தத் தொழிலில் அதைவிட நல்ல வலி கிடையாது.

மூன்றாம் நாள் ரயிலடிப் போர்ட்டர் வந்தார். கோபம் இன்னும் பாதி இருந்தது. ஆனால் குடை முழுவதும் உடைந்திருந்ததால் வேறு வழி இல்லை. கடைக்குள் நின்ற கூட்டத்தையும், தொங்கிய குடைகளையும், வெளியே கொட்டுகிற மழையையும் நனைந்த தலையோடு பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவமுங்க அந்த மேட்டுப்பாளையத்தாரு. இன்னும் ரெண்டே மாசம் உங்களை நம்பாம இருந்திருந்தா, இந்த மழையெல்லாம் அவருதா இருந்திருக்கும்!"

தோற்றால் பழியை ஏற்றுக்கொள்ள ஒரு முதலாளியைக் கற்பனை செய்வது ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் கடை ஓட ஆரம்பித்த பிறகு அவரிடமிருந்து அதை மீட்பதற்குள் எனக்கு முடி நரைத்துவிட்டது.